ஒரு பிள்ளையின் சூடு

"மாமா, நான் இந்த வீட்டை விட்டுப் போயிட்டா வீடு குளுந்துருமா?"

கேட்டது ஆறு வயதுப் பெண் குழந்தை. பாளையங்கோட்டைக் கட்டளைத் தெருவில், ஒரு வீட்டின் மேற்குச் சுவரில் வெப்பமானியை ஒட்டிவைத்துவிட்டு எண் நிலைக்கட்டும் என்று காத்திருந்தார் ஆவுடைநாயகம். குளிர்நீர் வாரியத்தில் வெப்பச் சுமை கணக்கிடுவது அவருடைய வேலை. சுவர் என்ன கனம், சன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எத்தனை மணிக்கு எரியும் என்று ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பழகியவர். இப்படியொரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"யாரும்மா அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் வந்த பொறவுதான் இந்தப் பொட்டி சிவப்பா எரியுதாம். சித்தி சித்தப்பாட்ட சொன்னாவ." குழந்தை சுவரில் இருந்த சிறிய விளக்குப் பெட்டியைக் காட்டியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நான் மூச்சை மெதுவா விட்டுப் பாத்தேன் மாமா. அப்பவும் எரியுது."

ஆவுடைநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

குழந்தையின் பெயர் பரணி. அம்மாவும் அப்பாவும் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். கோடை முடிந்துதான் கரைக்கு வர முடியும். அதுவரை பரணி சித்தி சங்கரவடிவின் வீட்டில்.

அந்தக் காற்றாலைகள்தாம் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. வெயில் மனிதன் தாங்கும் அளவைக் கடந்தபோது, வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த ஏ.சி. பெட்டிகள் எல்லாம் சேர்ந்து தெருவைத்தான் அடுப்பாக்கின. உள்ளே இருந்தவன் பிழைத்தான். வெளியே நடந்தவன் சுருண்டு விழுந்தான். அதன்பிறகு அவற்றைத் தடைசெய்துவிட்டார்கள். இப்போது இரவெல்லாம் கடற்காற்றின் மின்சாரத்தில் ஊருக்கு வெளியே நிலத்தடித் தொட்டிகளில் பனிக்கட்டி உறையும். பகலில் அந்தக் குளிர்ந்த நீர் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக் கூரைக்குள்ளும் ஓடித் திரும்பும். இருக்கிற பனிக்கட்டி அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி குழாயின் திருகைத் திறந்து முத்திரை வைத்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில்தான் கணக்கு மாறும். நடுவில் பிழை இருந்தால் திருத்தலாம், ஒரு வீட்டார் மனம்வந்து விட்டுக்கொடுத்தால் அந்தப் பங்கை இன்னொரு வீட்டுக்குத் திருப்பலாம்.

வீட்டுச் சூடு கணக்கைத் தாண்டினால் சுவர்ப் பெட்டி சிவப்பாக எரியும். கணக்கில் ஆட்களுக்கும் ஓர் இடம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடம்பு பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுக்குச் சூட்டை வெளியே விடுகிறது. பிள்ளை என்றால் அதில் முக்கால் பங்கு. பரணி வந்ததோ பங்குனியில். அவளுடைய முக்கால் பல்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

சங்கரவடிவு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"வெள்ளிக்கிழமை வண்டி வருதாம் அண்ணாச்சி. தொடர்ந்து சிவப்பு எரிஞ்சா, கூடுதலா இருக்க ஆளைக் குளிர் விடுதிக்கு அனுப்பிரணுமாம். அங்க நல்லாத்தான் பாத்துக்கிடுவாவளாம். ஆனா ராத்திரி முழிச்சா அது யாரைத் தேடும்? எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"திருகைக் கொஞ்சம் கூடத் திறந்து விடணும்ங்கிறியா?" என்றார் அவர்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு…"

"திறந்தா இந்தத் தெருவுல வேற யாரு வீட்டுலயாவது குறையும்மா. ஒரே குழாய். ஒரு கையில வாங்கித்தான் ஒரு கையில கொடுக்கணும்."

"அப்போ வழியே இல்லையா?"

மோர்ச் செம்பைக் கீழே வைத்தார் ஆவுடைநாயகம். பரணி வாசற்படியில், வீட்டுக்கு உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றேதான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

தினமும் காலையில் நெல்லையப்பர் கோயிலில் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார். ஒவ்வொரு மனிதனைப் படைக்கும்போதும் கடவுள் அவனுக்குள் ஒரு சின்ன விளக்கை ஏற்றித்தான் அனுப்புகிறார். அந்த விளக்கின் வெதுவெதுப்பைச் சுமை என்று எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. எழுதுகிற கை தன்னுடையது. அந்த விளக்குகளில் ஒன்று, தன்னைத்தானே அணைத்துக்கொள்ள மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கும்மா. ஒரு பிள்ளைக்கு உண்டான குளுமை இந்தத் தெருவுல எங்கயாவது சிந்திக் கெடக்கும். பெறக்கிப் பாப்போம்" என்று எழுந்தார்.

*

முதலில் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனார். பக்கத்து வீடு. முறுக்கு சுட்டு விற்கிறவள். மத்தியானம் முழுக்க எண்ணெய்ச் சட்டி காயும். அந்தச் சூட்டில் பாதி சுவர் வழியாகச் சங்கரவடிவு வீட்டுக்கும் போகிறது என்று ஆவுடைநாயகம் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணாச்சி, இம்புட்டு நாளா ஏன் சொல்லல? என் முறுக்கு அந்தப் புள்ளையை வெரட்டுதுன்னா நான் மத்தியானம் சட்டி வைப்பனா? விடியுமுன்ன சுட்டு முடிச்சிருதேன்."

"தூக்கம் கெடும்லா?"

"எங்க வீட்டுக்காரரு கொறட்டையில எனக்கு எந்தத் தூக்கம்? சட்டி சத்தத்துல அவருதான் முழிக்கட்டும், ஒருநாளைக்காவது."

வியாழக்கிழமைக்குள் தெருவே இந்த வேலையில் இறங்கிவிட்டது. யாரோ மேற்குச் சன்னலுக்குத் தென்னங்கீற்று முடைந்து மாட்டினார்கள். யாரோ மாடியில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டார்கள். ஒருவர் வீட்டுப் பீர்க்கங்கொடியை அடுத்த வீட்டுச் சுவருக்குத் திருப்பிவிட்டார். "காய் எனக்கு, நிழலு உமக்கு" என்று பேச்சு. சிரிப்பும் கேலியுமாய்த் திருவிழாவுக்குக் கொடியேற்றியதுபோல் இருந்தது. ஆவுடைநாயகம் ஒவ்வொன்றாகக் கணக்கில் கழித்துக்கொண்டே வந்தார். பரணியின் சூட்டில் பாதிக்குமேல் தேறிவிட்டது. மீதி தேறவில்லை.

குழாய் முடியும் கடைசி வீடு ஞானசெல்வம் டீச்சருடையது. ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறவர். உள்ளே நுழைந்ததுமே ஆவுடைநாயகத்துக்கு வேர்த்தது. இந்த வீட்டில் சில வருடங்களாக அப்படித்தான். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட உள்ளே சூடு அதிகம். டீச்சரும் வருடாவருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கைச் சரிபார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுல இருந்து எடுத்துக்கிடுங்க தம்பி" என்றார் டீச்சர்.

"உங்களுக்கே போதலயே டீச்சர்."

"போதாததுலதான் ரெண்டாவது ஆளுக்கு எடம் இருக்கும். ஈரத்துணியைப் போத்திக்கிட்டு உக்காந்திருவேன். ஏசப்பா பாத்துக்கிடுவார்."

"வேண்டாம் டீச்சர். உங்ககிட்ட எடுத்தா எனக்குத் தாங்காது."

டீச்சர் வற்புறுத்தி ஒரு தம்ளர் பானகம் கொடுத்தார். அந்த வெக்கையில் உட்கார்ந்து, வந்தவருக்குக் குடிக்கக் கொடுத்த அந்தக் கையை ஆவுடைநாயகத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

*

மிச்சம் ஒரு வீடுதான். சவுண்டு மூர்த்தி வீடு.

முழுப்பெயர் மந்திரமூர்த்தி. கோயில் கொடை விழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். வருடக்கணக்காகப் பாட்டுச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் யாரிடமும் மெதுவாகப் பேசத் தெரியாது. அளவெடுக்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "உள்ள பூரா பொட்டியா கெடக்கு, அப்படியே பாத்துக்கிட்டு போரும்" என்று அனுப்பிவிடுவார்.

ஆட்களைக் கணக்கெடுப்பதில் ஆவுடைநாயகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று இந்தப் பக்கத்தில் யாரையும் நேராகக் கேட்க முடியாது. தலையை எண்ணக் கூடாது, கண் படும் என்பார்கள். கேட்டால், "எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்" என்று பதில் வரும். ஆகவே அவர் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிக்கொள்வார். மனிதர்களை எண்ணிய பாவமும் இல்லை, கணக்கும் தப்பாது. மூர்த்தி வீட்டு வாசலில் ஓர் ஆண் செருப்பு, ஒரு பெண் செருப்பு. ஒவ்வொரு வருடமும் இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆவுடைநாயகம் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தத் தெருவின் நல்லது கெட்டது அவர் காதுக்கு வந்ததில்லை.

இன்று கதவு திறந்திருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் ஒரு பெண்ணின் படம். பூப் போட்டு, விளக்கேற்றி இருந்தது. படத்தின் அடியில் ஒரு தேதி. நான்கு வருடத்துக்கு முந்தையது.

ஆவுடைநாயகம் படத்தைப் பார்த்தார். குனிந்து வாசலைப் பார்த்தார். அந்தப் பெண் செருப்பில் ஒரு தூசி இல்லை. அன்றாடம் துடைத்து வைக்கிற செருப்பு.

"என்னவே, மரம் மாதிரி நிக்கீரு?" என்று மூர்த்தி உள்ளிருந்து முழங்கினார்.

"அண்ணாச்சி… இது…"

"வேலம்மா. என் வீட்டுக்காரி. எதுக்குக் கேக்கீரு?"

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பரணி ஞாபகத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. வாசல்ல கெடந்த செருப்பைப் பாத்து ரெண்டு பேருன்னு எழுதிட்டேன். உங்க வீட்டுக்கு ஒரு ஆளுக்கு உண்டான குளுமை கூடுதலா வந்துக்கிட்டு இருக்கு. இங்க கூடுன அளவு கடைசி வீட்டுல கொறையுது. டீச்சரு வீடு வெந்து கெடக்கது இதனாலதான். அதைக் கூட விடும். அந்தச் சின்னப் பிள்ளை…"

"அதனால?"

"நீங்க சரின்னு சொன்னா, அந்தப் பங்கை…"

"சரின்னு சொன்னா என்ன எழுதுவீரு?"

ஆவுடைநாயகத்தின் கண் மறுபடி அந்தப் படத்துக்குப் போனது.

"இந்த வீட்டுல ஒரு ஆளுதான்னு எழுதுவீரு. வேலம்மா இல்லன்னு எழுதுவீரு. அப்படித்தான?" மூர்த்தியின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. அது அவருடைய கத்தலைவிடப் பயமாக இருந்தது. "பேசாமப் போரும்வே. என் பொண்டாட்டி இந்த வீட்டை விட்டு எங்கயும் போகல."

கதவு சாத்திக்கொண்டது.

உண்மையில் ஆவுடைநாயகம் யாருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியதில்லை. இல்லாத ஆளை இருப்பதாக எழுதிய பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்த அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரே ஒரு அடித்தல். பிள்ளை சித்தி வீட்டிலேயே இருக்கும். ஆனால் அந்த மனிதர் நாளைக் காலையில் எந்தத் தைரியத்தில் அந்தச் செருப்பைத் துடைப்பார்?

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளையா, இறந்துபோனவளின் நினைவா என்று கேட்டால் பிள்ளைதான். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நாளைக்கு அடித்துத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு சரிதான் என்று தெரிந்தும் தட்டைத் தள்ளி வைத்தார். 'அப்பனே, நான் கை வைக்கறதுக்கு முன்னாடி நீ ஏதாவது செய்' என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுதி வண்டி தெருமுனைக்கு வந்தது. ஓர் இளம்பெண் அதிகாரி இறங்கினாள். முகத்தில் கடுமை இல்லை. சொன்னதைச் செய்ய வந்தவளின் சங்கடம்தான் இருந்தது. சங்கரவடிவு பிள்ளையின் துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பரணி புதுச்சட்டை போட்டிருந்தாள். அழவில்லை.

"நான் போனா பொட்டி பச்சையா ஆயிரும், இல்லையா மாமா?" என்றாள் ஆவுடைநாயகத்திடம்.

அவர் கை சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டது.

அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது.

"ஏட்டி! எங்க கெளம்பிட்ட, பட்டுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு? மாப்பிள்ளை வீடா?"

மூர்த்தி வேகமாக வந்துகொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். நேராக அதிகாரியிடம் போனார்.

"ஏம்மா தாயி, உங்க பொட்டி எந்நேரம் சிவப்பா எரியுது?"

"மத்தியானந்தான் ஐயா. வெயில் உச்சியில இருக்கும்போது. மத்த நேரம் கணக்குக்குள்ளதான் இருக்கு."

"அப்ப மத்தியானம் இந்தப் புள்ள இந்த வீட்டுல இல்லன்னா சரியாப் போச்சா?"

"இல்லன்னா சரிதான். ஆனா எங்க இருக்கும்?"

"என் வீட்டுல. நாலு வீடு தள்ளி. சாயங்காலம் வெயில் தாந்ததும் சித்திகிட்ட வந்துரட்டும்." அவர் ஆவுடைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீருந்தான் படிச்சிருக்கீரு! குளுமையைத் தூக்கிப் பிள்ளைகிட்ட கொண்டுபோக நாயா அலைஞ்சீரு. பிள்ளையைத் தூக்கிக் குளுமைகிட்ட கொண்டுபோகத் தெரியலயே வே."

தெருவில் சிரிப்பு எழுந்தது. ஆவுடைநாயகமும் சிரித்தார். கண் நிறைந்ததால் எதிரில் இருந்தவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள்.

அதிகாரி தன் கையிலிருந்த பலகைத் திரையைத் தட்டிப் பார்த்தாள். "ஐயா, உங்க வீட்டுக்கு ரெண்டு பேருன்னுதான் கணக்கு இருக்கு. நீங்க ஒண்ணு. இன்னொருத்தங்க?"

சிரிப்பு நின்றது. தெருவில் எல்லாருக்கும் தெரியும். பாக்கியத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"அவ உள்ளதான் இருக்கா தாயி. ஆனா அவளுக்குச் சூடு கெடையாது."

அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் திரையை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்போ எடம் இருக்கு ஐயா" என்றாள். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

மூர்த்தி பரணியின் துணிப்பையை வாங்கிச் சித்தியிடமே திருப்பிக் கொடுத்தார். குழந்தையை முதல்முறையாகத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனார். வாசலில் அவள் தன் சின்னச் செருப்பைக் கழற்றி, எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"இங்கன விடுட்டி. அத்தை செருப்புக்குப் பக்கத்துல."

அவள் விட்டாள். உள்ளே போனதும் அவள் கேட்டது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "சவுண்டு மாமா, நான் வந்தா உங்க வீடு சூடாயிருமே?"

"ஆகட்டும்ட்டி! நாலு வருசமா வெறச்சுப்போய் கெடக்கு."

அடுத்த அரைமணி நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்" என்று மூர்த்தியின் குரல். அதைத் தொடர்ந்து, "சித்தீ! பொட்டி பச்சையாயிட்டா?" என்று பிஞ்சுக் குரல் ஒன்று நான்கு தெருவுக்குக் கேட்டது.

"ஆயிட்டுட்டீ!" என்று சங்கரவடிவு வாசலில் நின்று கத்தினாள். மைக் இல்லாமலே அதுவும் நான்கு தெருவுக்குக் கேட்டது.

அன்றைக்கு அந்த உச்சி வெயிலிலும் கட்டளைத் தெருவில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். பாக்கியத்தாய் விடியுமுன் சுட்ட முறுக்கை வீட்டுக்கு வீடு கொடுத்தாள். அளவெடுக்க வந்தவருக்கு இரண்டு கூடுதல்.

*

கோடை அப்படியே நடந்தது. பரணி மத்தியானங்களில் மூர்த்தி வீட்டில் பாட்டுப் போட்டாள், தூங்கினாள், பெட்டிகளின் மேல் ஏறிக் குதித்தாள். பேசிப் பேசி மூர்த்திக்குக் குரல்கூடச் சற்று இறங்கிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் என்ற கணக்கை ஆவுடைநாயகம் தொடவில்லை. இப்போது அது பொய்யும் இல்லை.

ஆனால் ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தெருவில் எல்லாருடைய குறையும் தீர்ந்துவிட்டது, கடைசி வீட்டைத் தவிர. நான்கு கோடையாக ஞானசெல்வம் டீச்சருக்குச் சேர வேண்டியது வேறு வீட்டில் ஓடியிருக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறது என்று அவர் வாயை அடைத்ததும் தான்தான். டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. சொன்னால், "விடுங்க தம்பி" என்பார். அத்தோடு மூர்த்தி தலைகுனிய நேரும். மன்னிப்புக் கேட்பதைவிட அந்த வீட்டைக் குளிர வைப்பதுதான் முறை என்று பட்டது. டீச்சர் வீட்டு மேற்குச் சுவர் பழுப்பேறிக் கிடக்கிறது. மத்தியான வெயில் முழுவதையும் குடித்து உள்ளே விடுகிற சுவர். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுண்ணாம்பை அதில் பூசிவிட்டால், அவர் இழந்த குளுமை ஏறக்குறையத் திரும்பிவிடும். ஆவுடைநாயகம் அதைக் கணக்குப் போட்டே பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் ஆராதனைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு வாளிச் சுண்ணாம்பும் பூசுகிற மட்டையுமாக அவர் பின்பக்கச் சந்து வழியாக வந்தார். தெரு முழுக்கக் காலைத் தூக்கத்தில் இருந்தது.

சுவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

சுவர் வெள்ளையாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை. தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது. இன்னும் ஈரம் காயவில்லை. மண்ணில் ஏணி ஊன்றிய இரண்டு பள்ளங்கள். அகலமான ஏணி, கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் வைத்திருப்பதுபோல. மேல் மூலைகளில் பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது. பழக்கமில்லாத கை, இருட்டோடு வந்து அவசரமாகப் பூசிவிட்டுப் போயிருக்கிறது.

ஆவுடைநாயகம் கண்களை மூடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஈரத்தின் மேலேயே இரண்டாவது பூச்சைப் பூச ஆரம்பித்தார். திட்டுகளை நிரவினார். மூலைகளைச் சரிசெய்தார். வேலை முடிந்தபோது, எது யார் பூசியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி சுவர் ஒரே வெள்ளையாக இருந்தது.

தேவாலயத்தில் பாட்டு முடிகிற சத்தம் காற்றில் வந்தது. ஏணிப் பள்ளங்களைக் காலால் மூடிவிட்டு, தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, வந்த வழியே போனார்.